நோய் வந்தபோது வந்த நல்ல பழக்கம் நோய் போனதும் ஏன் போய்விடுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "கொரோனா சமயத்தில் எல்லாரும் கை கழுவினார்கள், இருமல் வந்தால் வீட்டிலேயே இருந்தார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. என் அலுவலகத்தில் கை கழுவும் இடத்தில் இப்போது சோப்புகூட இல்லை. மக்களுக்கு உண்மையிலேயே மாற விருப்பம் இருந்ததா, இல்லை அது வெறும் பயமா? அடுத்த முறை வேறு மாதிரி நடக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?"

பொது சுகாதாரத்தில், அதுவும் மக்களிடம் நேரில் போய்ப் பேசுகிற பகுதியில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குள்ளும் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். விருப்பம் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விருப்பம் வேறு, பழக்கம் வேறு. கொள்ளைநோய்க் காலத்து விருப்பம் மழை மாதிரி. கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும். அது பெய்த நாட்களில் ஏரியைத் தூர்வாரி வைத்திருந்தோமா என்பதுதான் விஷயம். பெரும்பாலான இடங்களில் தூர்வாரவில்லை. மழை நின்றதும் மக்களைப் பார்த்து "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்கிறோம். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது: சோப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

விருப்பம் உண்மையானது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒன்று உண்டு. இன்ஃப்ளூயன்சா பி வைரஸில் யமகாட்டா என்றொரு கிளை இருந்தது. வருடா வருடம் போடும் ஃப்ளூ தடுப்பூசியில் அதற்கும் இடம் வைத்திருந்தார்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே அது உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, இனி இதைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டிய தேவை இல்லை என்று சொல்லிவிட்டது. வேறொரு நோயைத் தடுக்க மனிதர்கள் செய்த காரியங்களில் ஒரு ஃப்ளூ கிளை கண்ணிலிருந்தே மறைந்துபோனது. பள்ளிகளை மூடியது, பயணங்கள் நின்றது எல்லாமே இதில் சேர்த்திதான். கை கழுவியதால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் நடத்தையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தெரியாது.

சரி, அந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது?

பயத்திலிருந்து என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் சரி. 1950களில் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையில் இருந்த காட்ஃப்ரி ஹாக்பாம் என்ற உளவியலாளர், காசநோய்க்கான எக்ஸ்ரே பரிசோதனைக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று ஆராய்ந்தார். தனக்கும் நோய் வரலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டு என்று இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம் பேர்தான். இங்கே "நம்பிக்கை" இரண்டு வகை என்பதைக் கவனியுங்கள். ஆபத்து எனக்கும் உண்டு என்பது ஒன்று. நான் செய்கிற காரியத்தால் பலன் உண்டு என்பது இன்னொன்று. பின்னால் வந்த ஆய்வாளர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: அதை என்னால் செய்ய முடியும் என்ற தைரியம்.

பயம் முதலாவதை மட்டும்தான் தரும். இரண்டாவதும் மூன்றாவதும் இல்லாமல் பயத்தை மட்டும் ஏற்றினால் மனிதர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், மறுப்பார்கள், ஒளிந்துகொள்வார்கள். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவத் தொடங்கியபோது நடந்தது இதுதான். "எபோலா கொல்லும், மருந்து கிடையாது" என்பதே ஆரம்ப கால அறிவிப்புகளின் சாரம். ஒரு தாயின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். மருந்தே இல்லை என்றால் பிள்ளையை எதற்காகச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்? அங்கே தனியாகச் சாவதைவிட என் மடியிலேயே இருக்கட்டும் என்றுதானே தோன்றும்? பல குடும்பங்கள் அப்படித்தான் நோயாளிகளை மறைத்தன. அதை அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது சொல்லப்பட்ட செய்தியை அப்படியே புரிந்துகொண்ட செயலாகத்தான் தெரிகிறது.

இறுதிச் சடங்கு விஷயமும் அதே கதை. எபோலாவில் இறந்தவரின் உடலைத் தொட்டாலே தொற்றும். அதனால் ஆரம்பத்தில் பாதுகாப்பு உடை போட்ட குழுக்கள் வந்து உடலை எடுத்துப் போனார்கள். முகத்தைப் பார்க்கவோ பிரார்த்தனை செய்யவோ குடும்பத்துக்கு வழியில்லை. எதிர்ப்பு வந்தது, ரகசிய அடக்கங்கள் நடந்தன. 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசி, நடைமுறையை மாற்றி எழுதியது. அதற்குப் பெயரே "பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்". குடும்பத்தைக் கேட்டு, பிரார்த்தனைக்கு இடம் கொடுத்து, தொடாமல் மரியாதை செய்ய வழி சொன்னார்கள். மக்கள் ஒத்துழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த, மனதுக்கு மிக நெருக்கமான ஒரு வழக்கத்தையே மனிதர்கள் சில மாதங்களில் மாற்றிக்கொள்ள முடியும் என்றால், கை கழுவுவதெல்லாம் எம்மாத்திரம்? கேட்கிற விதத்தில் கேட்டால் மாறுவார்கள்.

அடுத்தது, விருப்பம் ஏன் வடிகிறது என்பது.

ஒரு ஆபத்தோடு கொஞ்ச நாள் குடித்தனம் நடத்தினால் அது பழகிவிடும். முதல் பத்து மரணங்கள் வயிற்றைக் கலக்கும். பிறகு வரும் ஆயிரம் வெறும் எண்ணாகிவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடர்ந்து பயந்துகொண்டே வாழ எந்த உடம்பாலும் முடியாது. இன்னொரு பக்கம், தடுப்பு பலன் தந்தால் அந்தப் பலன் கண்ணுக்குத் தெரியாது. வராத நோயை யார் பார்க்க முடியும்? நோயாளிகள் குறைந்ததும் "பார்த்தீர்களா, இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையே இல்லை" என்ற பேச்சு வரும்.

சான் பிரான்சிஸ்கோ நகரம் 1918இல் இதை அப்படியே வாழ்ந்து காட்டியது. ஃப்ளூ உச்சத்தில் இருந்தபோது முகக்கவசம் கட்டாயமானது. பெரும்பாலானோர் போட்டார்கள். நவம்பர் 21ஆம் தேதி நண்பகல் சங்கு ஊதியது, மக்கள் தெருவில் நின்று முகக்கவசங்களைக் கழற்றி எறிந்தார்கள். சில வாரங்களில் நோய் திரும்ப ஏறியது. 1919 ஜனவரியில் மறுபடி கட்டாயம் என்றதும், அதே ஊரில் முகக்கவச எதிர்ப்புச் சங்கம் ஒன்று முளைத்து, ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிக் கூட்டம் போட்டது. இரண்டு மாதம்தான் இடைவெளி. மனிதர்கள் அதேதான், நோயும் அதேதான். முதல் தடவை கேட்டபோது "எத்தனை நாளைக்கு?" என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. சங்கு ஊதி, விழா மாதிரி முடித்துவைத்த ஒன்றைத் திரும்பக் கேட்டதும் அந்தப் பதில் செல்லாமல் போய்விட்டது. ஒரு கட்டுப்பாட்டை எப்படி முடிக்கிறோம் என்பதில்தான் அடுத்த தடவைக்கான ஒத்துழைப்பு இருக்கிறது என்று இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

விருப்பத்துக்கும் செயலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை உளவியலாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். தாமஸ் வெப், பாஸ்கல் ஷீரன் என்ற இருவரும் 2006இல் 47 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பேசியோ பயிற்சி கொடுத்தோ மக்களின் எண்ணத்தை நன்றாகவே மாற்ற முடிந்த இடங்களில்கூட, செயலில் தெரிந்த மாற்றம் ஏறக்குறைய அதில் பாதிதான். காரணம் சோம்பேறித்தனம் கிடையாது. நாம் ஒரு நாளில் செய்கிற காரியங்களில் பெரும்பகுதி யோசித்துச் செய்பவை அல்ல. வெண்டி வுட் குழுவினர் ஆட்களைக் குறிப்பெழுதச் சொல்லிப் பார்த்தபோது, அன்றாடச் செயல்களில் சுமார் 43 சதவீதம், அதே இடத்தில் தினமும் திரும்பச் செய்வதாகவும், செய்யும்போது மனம் வேறெங்கோ இருப்பதாகவும் வந்தது. அங்கே விருப்பத்துக்கு வேலையே இல்லை. கை எங்கே போகப் பழகியதோ அங்கே போகும்.

புதிய பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று அடிக்கடி கேட்பார்கள். 21 நாள் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது, அதை நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். பழக்கம் தானாக ஓடும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். 2010இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு ஆறுதலாக இருந்தது வேறொரு செய்தி: நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஒருநாள் தவறியதும் "அவ்வளவுதான், போச்சு" என்று விட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேர்!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விஷயம் நன்றாகத் தெரிந்த, விருப்பமும் உள்ள ஆட்கள்கூட ஏன் செய்வதில்லை?

மருத்துவமனையைப் பார்ப்போம். கை கழுவினால் உயிர் பிழைக்கும் என்பதை 1847இலேயே வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் காட்டிவிட்டார். அவருடைய பிரசவப் பிரிவில் அந்த ஏப்ரலில் தாய்மார்களில் 18 சதவீதம் பேர் இறந்தார்கள். குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்ன பிறகு, ஜூனில் அது 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. அதை விடுங்கள், கிருமி என்றால் என்னவென்று தெரியாத காலம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, எல்லாம் தெரிந்த பிறகு, ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994இல் எண்ணிப் பார்த்தார்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் செய்தது 48 சதவீதம்தான். பாதிக்கும் கீழே.

ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியரின் பத்து நிமிடத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். முதல் படுக்கையில் ரத்த அழுத்தம் பார்க்கிறார். முடிப்பதற்குள் அடுத்த படுக்கையில் இயந்திரம் கத்துகிறது. கழுவும் தொட்டி அறையின் அந்தக் கோடியில் இருக்கிறது. போய், குழாயைத் திறந்து, முறைப்படி தேய்த்து, அலசி, துடைத்து வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஊசிக் குழாயில் மருந்து தீர்ந்த சத்தம் இன்னொரு பக்கம். அவர் தொட்டிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நோயாளியிடம் ஓடுகிறார். அந்த இடத்தில் அவரிடம் போய் "கை கழுவுவதன் முக்கியத்துவம்" பற்றிப் பேசுவது அவரை அவமதிப்பது. அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஜெனீவாவில் டிடியர் பிட்டே என்ற மருத்துவரும் அவர் குழுவும் இதைத்தான் புரிந்துகொண்டார்கள். வேலை நெருக்கடி ஏற ஏறக் கை சுத்தம் குறைகிறது என்று அவர்கள் ஆய்விலேயே தெரிந்தது. அதனால் தொட்டிக்கு ஆட்களை விரட்டுவதை விட்டுவிட்டு, ஆல்கஹால் கரைசல் பாட்டிலைப் படுக்கையோடு படுக்கையாக மாட்டினார்கள். பாக்கெட்டில் வைக்கச் சின்ன பாட்டில் கொடுத்தார்கள். இருபது முப்பது நொடியில் நடந்துகொண்டே முடிக்கலாம். சுவரில் ஒட்டிய படங்களை ஊழியர்களே சேர்ந்து உருவாக்கினார்கள். மூன்று வருடத்தில் 48 சதவீதம் 66 ஆனது. மருத்துவமனையில் வந்து பிடிக்கும் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கியது. சோப்புப் போட்டுக் கழுவுவது அதிகமாகவில்லை, அது அப்படியேதான் இருந்தது. ஏறியது முழுக்க அந்த பாட்டிலால். ஒரு கசப்பான விவரம்: செவிலியர்கள் முன்னேறினார்கள், மருத்துவர்கள் அவ்வளவாக மாறவில்லை. படிப்பு கூடினால் பழக்கம் தானாக வரும் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன்.

இன்னொரு காட்சி, இது என் அனுபவம். தொற்றுக் காலத்தில் ஒரு பொது இடத்தின் வாசலில் கை கழுவும் மேடை அமைத்திருந்தோம். திருகுகிற குழாய், பக்கத்தில் சோப்பு, பளிச்சென்று பலகை. ஒரு பெண் வந்தார். இடுப்பில் குழந்தை, இன்னொரு கையில் பை. மேடை முன்னால் நின்றார். பையைக் கீழே வைக்க இடம் தேடினார், தரை முழுக்க ஈரம். குழந்தையை இறக்கவும் முடியாது. ஒரு கையால் குழாயைத் திருகி, அதே கையை நனைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்கள் பதிவேட்டில் அவர் "கழுவாதவர்". மறுவாரம் காலால் மிதிக்கிற குழாயும், பை மாட்ட இரண்டு கொக்கியும் வைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை, பலகையில் ஒரு எழுத்தைக்கூட. குழந்தையோடு வந்தவர்கள் நின்று கழுவ ஆரம்பித்தார்கள். அந்த முதல் வாரம் முழுக்க நாங்கள் கண்காணித்தது மக்களை. கண்காணித்திருக்க வேண்டியது மேடையை.

உலக அளவில் பார்த்தாலும் இதே கதைதான். 2020இல், உலகமே "கை கழுவுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த வருடத்தில், வீட்டில் தண்ணீரும் சோப்புமாகக் கை கழுவ வசதி இல்லாதவர்கள் சுமார் 230 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கணக்கிட்டன. அதேபோல "உடம்பு சரியில்லையா, வீட்டில் இருங்கள்" என்பது சம்பளத்தோடு விடுப்பு உள்ளவருக்கு அறிவுரை. அன்றன்றைக்கு உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்பவருக்கு அது நடக்காத காரியம். இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறவரிடம் இல்லாதது விருப்பம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சில பழக்கங்கள் நின்றும் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தால் தெளிவாகும். பங்களாதேஷின் மட்லப் பகுதியில் ரீட்டா கால்வெல் என்ற விஞ்ஞானியின் குழு, பழைய புடவைத் துணியை நாலாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொல்லிக்கொடுத்தது. காலரா கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளின் மேல் ஒட்டியிருக்கும். பலமுறை துவைத்த துணியில் நூல் பிரிந்து துளைகள் சின்னதாகிவிடுவதால் அவை அதில் சிக்கிக்கொள்ளும். 65 கிராமங்களில் செய்து பார்த்ததில் காலரா 48 சதவீதம் குறைந்தது. 2003இல் முடிவு வெளியானது. ஐந்து வருடம் கழித்து யாரும் சொல்லாமல், யாரும் மேற்பார்வை பார்க்காமல் இருந்த நிலையில் போய்ப் பார்த்தார்கள். 31 சதவீதம் பெண்கள் இன்னமும் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். அதைவிட வியப்பு, அன்றைக்குச் சொல்லிக்கொடுக்கப்படாத குழுவிலும் 26 சதவீதம் பேர் வடிகட்டினார்கள். மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே என்று இதைக் குறைவாகச் சொல்பவர்கள் உண்டு. ஐந்து வருடம் ஆதரவே இல்லாமல் நின்றது என்பதால் எனக்கு இது பெரிய எண். ஏன் நின்றது? துணி வீட்டிலேயே இருந்தது, செலவில்லை, தண்ணீர் மொள்ளும் வேலையோடு ஒட்டிக்கொண்டது.

இன்னும் பழைய உதாரணம்: பொதுக் குவளை. ரயிலிலும் பள்ளியிலும் ஒரே குவளையில் எல்லாரும் தண்ணீர் குடித்த காலம் அமெரிக்காவில் இருந்தது. காசநோய் பயம் உச்சத்தில் இருந்தபோது, 1909இல் கான்சாஸ் மாநிலம் அதைத் தடை செய்தது, மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. காகிதக் குவளையும் வாய் படாமல் குடிக்கும் குழாயும் அந்த இடத்துக்கு வந்தன. பிறகு காசநோய் பயம் போனது, குவளை திரும்பவில்லை. திரும்ப அங்கே குவளையே இல்லையே!

எதிர் உதாரணம் லண்டன். 1854இல் காலரா பரப்பிய பிராட் தெருப் பம்பின் கைப்பிடியை, மருத்துவர் ஜான் ஸ்னோ எடுத்துச் சொன்னபின் கழற்றினார்கள் என்பது பாடப்புத்தகக் கதை. நோய் அடங்கியதும் கைப்பிடியைத் திரும்ப மாட்டிவிட்டார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை. லண்டனில் காலரா ஓய்ந்தது, பொறியாளர் ஜோசப் பசல்கெட் நகரத்துக்கு அடியில் பெரிய கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டிய பிறகுதான். அதற்கு எந்தக் குடும்பமும் தினமும் மன உறுதியைச் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, எங்கள் துறையின் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விருப்பம் அளவோடு கிடைக்கிற பொருள். அதைத் தப்பான இடத்தில் செலவழிக்க வைத்தால் சரியான இடத்துக்கு மிஞ்சாது. கொரோனாவில் மக்கள் வீட்டுக்கு வந்த பொட்டலங்களைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்தார்கள், கதவுக் கைப்பிடிகளில் மருந்து அடித்தார்கள். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. அதே ஒரு வருடத்தில் ஜன்னலைத் திறப்பது பற்றி எவ்வளவு குறைவாகப் பேசினோம்! முகக்கவசமும் அப்படித்தான். பொதுமக்களுக்குத் தேவையில்லை என்று முதலில் சொல்லி, சில மாதங்களில் போடுங்கள் என்றார்கள். அறிவியல் மாறும், அதில் தவறில்லை. "இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மாறலாம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் மாற்றம் வந்தபோது மக்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்திருக்க மாட்டார்கள். 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றைப் பார்த்த ஹாங்காங் மக்கள், 2020 ஜனவரியிலேயே, அரசு கட்டாயமாக்கும் முன்பே, முகக்கவசம் போட்டுக்கொண்டார்கள். அந்த ஊரில் பதினேழு வருடமாக, சளி பிடித்தவர் முகக்கவசத்தோடு வருவதைப் பார்த்து யாரும் முறைக்கவில்லை.

கொள்ளைநோய் நல்ல பழக்கத்தை மட்டும் கொண்டுவரும் என்றும் நினைக்க வேண்டாம். கொரோனா உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவிக்கப்பட்ட 30 நாளில், ஒரு செயலியைப் பயன்படுத்திய பல நாட்டு மக்களின் அன்றாட நடை சராசரியாக 27 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் மதுவோடு தொடர்புள்ள மரணங்கள் 2019இல் சுமார் 79,000, 2020இல் சுமார் 99,000. தனிமையும் கவலையும் வேலை இழப்பும் சேர்ந்தால் பழக்கம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது, அந்த மனிதர் இரவு தூங்கினாரா என்றும் கேட்க வேண்டும்.

ஆனால் வழக்கம் உடைகிற நேரம் ஒரு வாய்ப்பும்கூட. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பயணிகள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ரயில் திரும்பிய பிறகும் சுமார் 5 சதவீதம் பேர் புதிய வழியிலேயே தொடர்ந்தார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். இரண்டே நாளில் அவ்வளவு. கொள்ளைநோய் மாதக்கணக்கில் எல்லாருடைய வழக்கத்தையும் ஒரே நேரத்தில் உடைக்கிறது.

அப்படியானால் அடுத்த முறை என்ன செய்வது? நாடு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, நீங்கள் அலுவலகம் பற்றிக் கேட்டதால் அதை மட்டும் சொல்கிறேன்.

முதல் இரண்டு மூன்று வாரம்தான் பொன்னான நேரம். அப்போது கேட்டால் நிர்வாகம் பணம் தரும், யாரும் "எதற்கு?" என்று கேட்க மாட்டார்கள். அந்த நேரத்தை அறிவிப்புப் பலகைக்குச் செலவழிக்காதீர்கள். நிரந்தரமாக நிற்கக்கூடிய பொருளுக்கும் விதிக்கும் செலவழியுங்கள். உள்ளே நுழையும் வழியிலேயே, ஒதுங்கிப் போகத் தேவையில்லாத இடத்தில் கழுவும் தொட்டி. திறக்க முடியாமல் அடைத்து வைத்த ஜன்னல்களைத் திறக்க வைப்பது. காய்ச்சல் வந்தால் சான்றிதழ் கேட்காமல் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் விதியாக்குவது. அப்புறம், முகக்கவசம் மாதிரித் தற்காலிகமான ஒன்றைக் கேட்டால், எப்போது நிறுத்துவோம், எந்த நிலை வந்தால் திரும்பக் கேட்போம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது.

தவறியவரைப் பலர் முன்னால் கண்டிக்காதீர்கள். அவமானப்பட்டவர் அடுத்த தடவை இருமலை மறைப்பார், அதுதான் உண்மையான ஆபத்து. மூத்தவர்கள் செய்வதை மற்றவர்கள் பார்க்கட்டும். மேலாளர் சளி பிடித்த அன்றைக்கு வராமல் இருந்தால், அது நூறு சுற்றறிக்கைக்குச் சமம்.

உங்களுக்கென்று ஒரு பழக்கம் வேண்டுமானால், "இனி அடிக்கடி கை கழுவுவேன்" என்று முடிவு எடுக்காதீர்கள். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு கட்டிவிடுங்கள்: சாவியை மேசையில் வைத்ததும் நேராகக் குழாய்க்குப் போவேன். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற இந்த வடிவம் வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதம் சாவியை வைக்கும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள், பிறகு கை தானாகப் போகும்.

அப்புறம் அந்தச் சோப்பு. உங்கள் அலுவலகத்தில் அது ஒரே நாளில் காணாமல் போயிருக்காது. ஒருநாள் தீர்ந்திருக்கும், அதை மாற்றுவது யார் வேலை என்று யார் கணக்கிலும் எழுதப்பட்டிருக்காது. நாளைக்கே நிர்வாகத்திடம் பேசி, திங்கள்கிழமை தோறும் தொட்டியில் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதை ஒருவருடைய பெயரில் எழுதி வாங்குங்கள். வாங்கும் பட்டியலில் காகிதம், பேனாவுக்குப் பக்கத்தில் சோப்பும் மாதாமாதம் தானாக வரட்டும். ஒரு மாதம் கழித்து அந்தத் தொட்டிப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். யார் கழுவாமல் போகிறார் என்று பார்க்காதீர்கள். கழுவ நினைத்து நின்றவர் எதனால் திரும்பிப் போகிறார் என்று பாருங்கள்.